முன்னே இலக்கணம், பின்னே எண்ணமா?

ஆட்சிகளும் பாடத்திட்டங்களும் எத்தனை முறை மாறினாலும், நம் நாட்டில் ஆங்கிலம் கற்பிப்போரிடையே தான் மட்டும் மாறாமல் நிலைபெற்றிருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்கும் மாணவன் முதலில் அதன் இலக்கணத்தை ஐயந்திரிபறக் கற்க வேண்டும். அடுத்துச் சொற்களைச் சேகரிக்க வேண்டும். அதன்மேல், வல்லவர் எழுதிய மாதிரி வியாசங்களை மனனம் செய்து அவற்றின் நடையைத் தன் கையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இத்தனையும் நிறைவேறியபின் ஆயுளும் அவகாசமும் மிஞ்சியிருக்குமானால், சொந்தமாக ஒரு கதை புனைவதையோ, ஒரு கட்சியை எடுத்து வாதிப்பதையோ அவன் செய்துகொள்ளலாம் என்பதே அது. இப்படிச் சொல்பவர்கள் அனுபவமற்றவர்கள் அல்லர். பல்லாண்டு வகுப்பறையில் நின்று, நோட்டுப் புத்தகங்களைத் திருத்தித் திருத்திக் கண் சலித்தவர்கள். ஆகையால் அவர்கள் கொள்கையை எள்ளி நகையாடாமல், அதன் வலிமை மிக்க உருவத்திலேயே எடுத்து நிறுத்தி மறுப்பதுதான் முறை.

எண்ணம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அதைத் தாங்கச் சொல் வேண்டுமல்லவா என்று அவர்கள் கேட்கிறார்கள். எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள இயைபே தெரியாத பிள்ளையிடம் போய் ‘உன் கருத்தை எழுது’ என்று சொல்வது, கருணை போலத் தோன்றும் கொடுமை என்கிறார்கள். அவன் தாராளமாக எழுதினால் தாராளமாகப் பிழையும் செய்வான். கையில் படிந்த பிழையைப் பிறகு எவரும் களைய முடியாது. பரீட்சையோ தலைக்குமேல் நிற்கிறது. ஐம்பது பிள்ளைகள் ஐம்பது விதமாக எழுதிக் கொண்டுவந்தால் திருத்துவார் யார்? இவர்களிற் சற்று நவீனமானவர்கள், உத்தியோகத்துக்கும் மேற்படிப்புக்கும் வேண்டும் என்பதற்காக வாதக் கட்டுரைக்கு மட்டும் ஒரு திண்ணையை ஒதுக்கிக் கொடுத்து, கதைக்கும் வருணனைக்கும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இந்த மறுப்பு.

தனக்கென்று சொல்வதற்கு ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு, அதை அறியாத ஒருவருக்கோ ஏற்காத ஒருவருக்கோ எடுத்துரைக்க முற்படும்பொழுதுதான் ஒருவனுக்கு அயல்மொழியின் இலக்கணம் உண்மையில் தேவைப்படுகிறது. தேவைப்பட்டபொழுது கற்றதே நிலைக்கிறது. ஆகவே கற்பனையும் வாதமும் மொழிப்பயிற்சியின் இறுதியில் வழங்கப்படும் வெகுமதிகள் என்பது தவறு. அப்பயிற்சி நடைபெறும் களமே அவைதாம் என்பது என் கட்சி.

அவர்கள் முறையின் பலனை வினாத்தாளிலேயே காணலாம். ‘ஹிண்ட்ஸ் டெவலப்மென்ட்’ என்றொரு வினா நெடுங்காலமாக நம் பள்ளிகளில் கேட்கப்பட்டு வருகிறது. காகம், தாகம், எங்கும் நீர் இல்லை, ஒரு பானை, அடியில் சிறிது நீர், கூழாங்கற்கள், நீர் மேலே வந்தது, பறந்து சென்றது என்று இடையிடையே கோடிட்டுக் குறிப்புகள் தரப்படும். அவற்றைக் கோவையான கதையாக விரித்தெழுத வேண்டும். மாந்தர், நிகழ்ச்சி, நிகழ்ச்சிகளின் வரிசை, முடிவு, நீதி ஆகிய யாவும் முன்னமே தீர்மானிக்கப்பட்டுவிட்டபின் மாணவனுக்கு எஞ்சுவது, இடையிலுள்ள கோடுகளை நீக்கிவிட்டு அவ்விடங்களில் ‘வாஸ்’, ‘தி’, ‘அண்ட்’ என்ற சொற்களை வைப்பது ஒன்றுதான். காம்போசிஷன் என்று பெயர் சூட்டிவிட்டதனால் மட்டும் அது இயற்றுதல் ஆகிவிடாது.

பொதுக் கட்டுரையின் கதியும் இதுவே. ரயில் பாதை எட்டியும் பாராத ஊரிலிருந்து வரும் பிள்ளை, ‘ரயில் நிலையத்தில் ஒரு மணி நேரம்’ என்ற வியாசத்தை, போர்ட்டர்களின் கூச்சல் முதல் பச்சைக்கொடி ஈறாக, கைடில் கண்டபடி எழுதுகிறான். வாரந்தோறும் தன் தாயாருடன் காய்கறி விற்க உட்காரும் சந்தையைப் பற்றி அவன் ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதியறியான், ஏனெனில் அதற்கு நோட்ஸ் இல்லை. ‘விஞ்ஞானத்தின் நன்மை தீமைகள்’ என்பது மற்றொன்று. முதற் பாராவில் நன்மை, இரண்டாவதில் தீமை, மூன்றாவதில் ‘ஆகவே நன்மைக்கே பயன்படுத்துவோமாக’ என்ற தீர்ப்பு. இதற்கு எதிர்க்கட்சி எது? விஞ்ஞானத்தைத் தீமைக்கே பயன்படுத்துவோம் என்று எழுந்து நிற்பவர் எவரேனும் உளரா? எதிரியே இல்லாத இடத்தில் வாதம் எங்கிருந்து வரும்? இவ்வியாசத்தை வாதக் கட்டுரைக்கு மாதிரியாக வைத்துக்கொண்டு, நம் பிள்ளைகளுக்கு வாதிக்க வரவில்லை என்று அங்கலாய்ப்பது வேடிக்கையாக இருக்கிறது.

இனி, இலக்கணம் முன்னே வரவேண்டும் என்போரின் கோட்டைக்குள்ளேயே நுழைந்து பார்ப்போம். தமிழ்ப் பிள்ளைகளைப் படாத பாடு படுத்தும் ஆங்கில இலக்கணப் பகுதிகளில் தலையாயது ‘எ’, ‘தி’ என்னும் சிறு சொற்களின் ஆட்சி. தமிழில் அவற்றுக்கு நேரான உறுப்பு இல்லை. ஆகையால் நம் உபாத்தியாயர்கள் ஆண்டுதோறும் தனித்தனி வாக்கியங்களைக் கொடுத்துக் கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்கிறார்கள். பிள்ளைகளும் ஆண்டுதோறும் தவறு செய்கிறார்கள். காரணம் எளிது. நான் குறிப்பிடும் மனிதன் இன்னான் என்று படிப்பவருக்கு முன்பே தெரியுமா, தெரியாதா என்பதைப் பொறுத்தே அச்சொற்களின் தேர்வு பெரும்பாலும் அமைகிறது. தனி வாக்கியத்தில் படிப்பவரும் இல்லை, முன்பு சொன்னது என்பதும் இல்லை. ஒரு கதையைச் சொல்லத் தொடங்கட்டும்: பஸ்ஸில் ஒரு கிழவர் ஏறினார், கிழவர் கையில் ஒரு மூட்டை, மூட்டைக்குள்ளிருந்து ஏதோ அசைந்தது. முதல் தடவை ‘எ’, மறு தடவை ‘தி’ என்பதன் நியாயம் அங்கேதான் விளங்கும். காலங்காட்டும் வினைகளும் அப்படியே. ‘ஹேட் கான்’ என்ற வடிவத்தைப் பட்டியலிலிருந்து ஒப்பிக்கும் சிறுவனுக்கு அது வேண்டாத சுமை. தான் நிறுத்தத்துக்கு ஓடி வந்த கதையைச் சொல்லும்பொழுது, வருவதற்கு முன்பே பஸ் போய்விட்டிருந்தது என்பதைச் சொல்ல வழி தெரியாமல் திகைக்கும் அந்தக் கணத்தில் அதுவே வேண்டிய பொருளாகிவிடுகிறது.

கதை காலத்தைக் கேட்பதுபோல் வாதம் தனக்குரிய இலக்கணத்தைக் கேட்கிறது. எதிரி சொல்வதில் ஒரு பங்கை ஒப்புக்கொண்டு மறுபங்கைத் தள்ளுவதற்கு ‘ஆல்தோ’ வேண்டும். நிபந்தனை விதிக்க ‘அன்லெஸ்’ வேண்டும். உறுதியின் ஏற்ற இறக்கங்களைக் காட்ட ‘மே’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’ வேண்டும். ‘ஆல்தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் ‘பட்’ என்பதையும் சேர்த்துவிடும் பிழை நம்மவரிடையே பரவலானது. அதை விதி சொல்லித் திருத்துவதைக் காட்டிலும், உண்மையாகவே எதிர்க்கட்சி பேசும் தோழனுக்குப் பதில் எழுத வைத்து, ‘நீ ஒப்புக்கொள்வது எது, மறுப்பது எது?’ என்று கேட்டுத் திருத்துவது எளிது. ஏனெனில் அப்பொழுது அந்தச் சொல்லுக்குச் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

ஆங்கிலேயர் தாமே ஓர் அயல்மொழியை எழுதக் கற்ற சரித்திரத்தை நம்மவர் சற்றுப் புரட்டிப் பார்த்தாலும் பிரயோஜனம் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிராமர் பள்ளிகளில் சிறுவர்கள் எழுதப் பயின்றது லத்தீன்; வீட்டிலும் வீதியிலும் வழங்காத மொழி; நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எவ்வளவு அயலோ அதனினும் அயல். அங்கே பரவலாக ஆளப்பட்ட பயிற்சி நூல்களுள் ஒன்று, அப்தோனியஸ் என்ற கிரேக்க ஆசிரியர் நான்காம் நூற்றாண்டில் இயற்றிய ‘புரோஜிம்னாஸ்மாட்டா’வின் லத்தீன் பெயர்ப்பு. அதில் உள்ள அப்பியாசங்கள் 14. முதலாவது நீதிக்கதை, இரண்டாவது ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைத்தல். ஐந்தாவதாக வருவது மறுப்பு. அதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் பொருளும் ஒரு கதையே. அப்பொல்லோ என்ற தேவன் துரத்த, டாஃப்னி என்ற கன்னி லாரல் மரமாக மாறினாள் என்று கவிகள் சொல்வது பொருந்துமா என்று வினவி, அக்கதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இது நிகழவொண்ணாதது என்று காட்டுகிறார். ஆறாவது பயிற்சியில் அதே கதையைப் பொருந்துவதே என்று நிலைநாட்டுகிறார். பதினோராவதில், மக்களையெல்லாம் பறிகொடுத்த நயோபி என்ன சொல்லிப் புலம்பியிருப்பாள் என்று அவள் வாயாகவே பேச வேண்டும். பதின்மூன்றாவதில்தான் மணம் செய்துகொள்வது தகுமா என்பது போன்ற பொதுப்பொருளில் வாதம் வருகிறது. இறுதியில் ஒரு சட்டத்தை ஆதரித்தோ எதிர்த்தோ பேசுதல்.

இந்த வரிசையைக் கூர்ந்து நோக்குக. கதையை விளையாட்டென்றும் வாதத்தைக் காரியமென்றும் பிரித்துவைக்கும் புத்தி இதில் இல்லை. கதை சொல்லத் தெரிந்தவனே கதையைச் சந்தேகிக்கிறான். சந்தேகிக்கத் தெரிந்தவனே நிலைநாட்டுகிறான். பிறனுடைய வாயாகப் பேசிப் பழகியவனே எதிர்க்கட்சிக்காரன் என்ன சொல்லுவான் என்பதை முன்கூட்டி உணர்கிறான். நயோபியின் புலம்பலை எழுதும் பயிற்சி, வழக்கின் மறுதரப்பை உள்ளிருந்து அறியும் பயிற்சியும் ஆகும். நம் நவீனர்கள் கதையை வெட்டி எறிந்துவிட்டு வாதத்தை மட்டும் வளர்க்க முயல்கிறார்கள். வேரை நீக்கிய இடத்தில் கிளையை நட்டுவைத்து, ஏன் தழைக்கவில்லை என்று கேட்கிறார்கள்.

அப்பள்ளிகளில் இலக்கணம் இல்லையா, மனப்பாடம் இல்லையா என்று ஒருவர் குறுக்கிடலாம். இருந்தன, ஏராளமாகவே இருந்தன, பிரம்படியும் இருந்தது. நான் மனப்பாடத்துக்குப் பகைவனும் அல்லன். ராஜர் ஆஸ்கம் என்பவர் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1570 இல் அச்சேறிய ‘ஸ்கூல்மாஸ்டர்’ என்ற நூலில் ஒரு முறை கூறப்படுகிறது: மாணவன் சிசரோவின் லத்தீன் பகுதியொன்றை ஆங்கிலமாக்க வேண்டும், சிறிது நேரம் கழித்து, மூலத்தைப் பாராமல், அந்த ஆங்கிலத்தை மீண்டும் லத்தீனாக்கி, சிசரோவின் வாக்கியத்தோடு தன் வாக்கியத்தை ஒப்பிட வேண்டும். இதுவும் மாதிரியைப் பின்பற்றுவதுதான். ஆனால் மாதிரிக்கும் தனக்கும் உள்ள இடைவெளியை மாணவன் தன் கண்ணாலேயே காண்கிறான். நம் கைடுகளோ அந்த இடைவெளி கண்ணிற் படாதபடி, மாதிரியையே மாணவனுடைய விடையாக்கிவிடுகின்றன.

நம் பிள்ளைகளுக்கு வாதம் பழக்கமில்லை என்ற பேச்சைப்போல உண்மைக்குத் தூரமானது வேறில்லை. தமிழ் வகுப்பில் வழக்குரை காதையைப் படிக்கும் மாணவன், கண்ணகி பாண்டியன் அவையில் தன் ஊரையும் குலத்தையும் சொல்லி, நடந்ததைச் சொல்லி, சிலம்பினுள் இருக்கும் பரலைச் சான்றாக வைத்து வழக்கை வெல்வதைக் காண்கிறான். கதையும் வாதமும் ஒன்றே என்பதற்கு இதனினும் தெளிந்த உதாரணம் அப்தோனியஸிடமும் இல்லை. ஒரு நூலுடையார் மேற்கொள்ளத்தக்க மதங்கள் ஏழு என்று வகுத்த நன்னூலார், உடன்படலை முதலிலும் மறுத்தலை அதற்கு அடுத்தும் வைத்து, பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின் களைவதையும் ஒரு மதமாக எண்ணியிருக்கிறார். இத்தகைய மரபில் வந்த பிள்ளை, மணி அடித்து அடுத்த பீரியட் ஆங்கிலம் ஆனவுடன், அபிப்பிராயமே இல்லாத ஜந்துவாக மாறிவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் இலவச சைக்கிளைப் பற்றி அவனிடம் கேட்டுப் பாருங்கள். அதை ஓட்டிவந்த முதல் நாளை எழுதச் சொல்லுங்கள். பிறகு, சைக்கிளுக்குப் பதில் பஸ் வசதியைப் பெருக்கியிருக்கலாம் என்று சொல்லும் பெரியவர் ஒருவருக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். பிறகு, அந்தப் பெரியவர் வாயாகவே மறுமொழி எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறும், சந்தேகமில்லை. விஷயம் தடுமாறாது.

தடுமாறும் ஆங்கிலம் நிரந்தரமாகிவிடும் என்ற அச்சத்துக்கு வருவோம். 1950களில் சென்னை மாநிலத்தில், வாக்கிய அமைப்புகளை எளியது முதல் அரியது வரை தரப்படுத்தி, ஒன்று படிந்தபின் மற்றொன்றாகப் புகட்டும் பாடத்திட்டம் வந்தது. பிழைக்கே இடங்கொடாமல் அமைப்புகளைக் கையில் ஏற்றுவது அதன் லட்சியம். வகுப்பில் அமைப்பைச் சரியாகச் சொன்ன பிள்ளைகள் வெளியே வந்ததும் அதை ஆளத் தெரியாமல் நின்றார்கள் என்ற குறை, அதைக் கையாண்டவர்களிடமிருந்தே எழுந்தது. அவ்வாறு எழுந்த அதிருப்தியின் விளைவாகவே என். எஸ். பிரபு என்பவர் 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் ஒரு சோதனையை நடத்தினார். இலக்கண அமைப்புகளின் வரிசையை அறவே விட்டுவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொண்டு சிந்தித்துத் தீர்க்க வேண்டிய பிரச்சினைகளையே பாடமாக வைத்தார். அது கட்டுரைப் பயிற்சி அன்று, பெரும்பாலும் பேச்சிலே நடந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும், சிந்தனைக்கு முன்னதாக இலக்கண வரிசை முடிந்திருக்க வேண்டியதில்லை என்பதை, நம் பிள்ளைகளைப் போன்றவர்களைக் கொண்டே அது காட்டியது.

சிவப்பு மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டாம் மொழி எழுத்து வகுப்பில் இலக்கணப் பிழைகளைத் திருத்துவது பயனற்றது மட்டுமன்றித் தீங்கும் ஆகும், அதை அடியோடு கைவிடுக என்று ஜான் டிரஸ்காட் என்பவர் 1996 இல் ஒரு கட்டுரை எழுதிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பினார். டேனா ஃபெரிஸ் 1999 இல் அதை மறுத்தார். நான் டிரஸ்காட்டின் எல்லைவரை செல்லவில்லை. ஆனால், திருத்தத்துக்காக வாதாடிய ஃபெரிஸ் அம்மையாரே, தெரிந்தெடுத்துத் தெளிவாகச் செய்யப்படும் திருத்தத்தைத்தான் ஆதரித்தாரேயன்றி, பக்கத்தைக் குருதிக் களமாக்கும் வழக்கத்தை ஆதரிக்கவில்லை. பிழைக்கு அஞ்சி எழுதாதே என்று சொல்வதற்கு இரு தரப்பிலும் இடமில்லை.

இலக்கணவாதிகளின் வேதமாகிய ‘ஹைஸ்கூல் இங்கிலீஷ் கிராமர் அண்ட் காம்போசிஷன்’ என்ற புத்தகத்தை மார்ட்டினோடு சேர்ந்து இயற்றிய ரென் துரை, பாலைவனத்துப் பிரெஞ்சுப் பட்டாளத்தைப் பற்றி ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகஸ நாவலை 1924 இல் எழுதிப் புகழ்பெற்றவர். தம் வேதவியாசர் ஒரு கதைக்காரர் என்பது அவருடைய பக்தர்களிற் பலருக்குத் தெரியாது. இருபது வயதுக்கு மேல் ஆங்கிலம் பயின்று நாவலாசிரியரான போலந்துக்காரர் கான்ராடையும் இவ்விடத்தில் சாட்சிக்கு அழைக்கலாம்தான். ஆனால் மேதைகளைக் காட்டி ஐம்பது பேர் வகுப்புக்கு முறை வகுப்பது நேர்மையன்று என்பதால் விட்டுவிடுகிறேன்.

பரீட்சை என்ற பூச்சாண்டி எஞ்சியிருக்கிறது. உள்ளூர்ப் பரீட்சைகளில் மனப்பாடம் மதிப்பெண் தருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அது வினாத்தாளைத் திருத்தவேண்டியதற்குக் காரணமாகுமேயன்றி, மாணவனை மௌனியாக்குவதற்குக் காரணமாகாது. வெளிநாட்டுப் படிப்பை நாடும் இளைஞர் பயந்து நடுங்கும் ஐஇஎல்டிஎஸ் பரீட்சையை எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வின் இரண்டாம் பகுதியில், சுமார் 40 நிமிஷத்தில், 250 சொற்களுக்குக் குறையாமல் ஒரு வாதக் கட்டுரை எழுத வேண்டும். அதை அளக்கும் அளவுகோல்கள் நான்கு: கேட்ட வினாவுக்கு நிலைப்பாட்டோடு விடை கூறியிருக்கிறதா, கருத்துகள் கோவையாக இணைந்திருக்கின்றனவா, சொல்வளம் எத்தகையது, இலக்கணம் எவ்வளவு விரிவும் திருத்தமும் உடையது. நான்குக்கும் சம எடை. ஆக, நம்மவர் முழு ஆயுளையும் செலவிடும் இலக்கணத்துக்கு அங்கே கால் பங்குதான். மனப்பாடம் செய்து ஒப்பிக்கப்பட்ட விடைகளைக் கண்டுபிடித்து மதிப்பைக் குறைக்கவும் தேர்வாளர்கள் பழக்கப்பட்டிருக்கிறார்கள். இவ்வளவும் தெரிந்திருந்தும், எத்தலைப்பு வந்தாலும் பொருத்திக்கொள்ளத்தக்க முன்னுரையும் முடிவுரையும் அச்சடித்து விற்கும் பயிற்சி நிலையங்கள் செழித்தோங்குகின்றன. எப்பொருளுக்கும் பொருந்தும் முன்னுரை எப்பொருளைப் பற்றியும் ஒன்றும் சொல்லாத முன்னுரையாகத்தான் இருக்க முடியும்.

கற்பனை சோறு போடாது என்பவருக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஊரில் உடைந்த குடிநீர்க் குழாயைப் பற்றி ஆட்சியருக்கு மனு எழுதுபவன், குழாயடியில் நடப்பதை நேரிற் காணாத அதிகாரியின் கண்முன் அதை நிறுத்த வேண்டும். நிதி இல்லை என்று அவர் சொல்லப்போவதை முன்னறிந்து விடை வைத்திருக்க வேண்டும். முன்னது கற்பனை, பின்னது வாதம். இரண்டும் இல்லாத மனு ‘மேன்மை தங்கிய ஐயா’வில் தொடங்கித் ‘தங்கள் கீழ்ப்படிந்த’ என்பதில் முடிந்துவிடும்.

கடைசியாக, ஐம்பது நோட்டுகள். இது ஒன்றுதான் அவர்கள் பக்கத்தில் நியாயம் மிகுந்த முறையீடு. ஆசிரியருடைய முதுகில் ஏற்கெனவே உள்ள சுமைகளை அறியாதவன் அல்லன் நான். ஆனால் எழுதியவை யாவும் திருத்தப்பட வேண்டும் என்ற நிபந்தனையை விதித்தவர் யார்? பிள்ளைகள் எழுதுவனவற்றில் ஒரு பகுதியை மட்டும் ஆசிரியர் வாங்கட்டும். அந்தத் தடவை காலம் என்றால் காலத்தை மட்டும், வாக்கிய இணைப்பு என்றால் அதை மட்டும் பார்க்கட்டும். மற்றவற்றைப் பிள்ளைகள் தம்முள் மாற்றிப் படிக்கட்டும். பக்கத்து பெஞ்சில் இருப்பவன் ‘இது எனக்கு விளங்கவில்லை’ என்றோ, ‘இதை நான் ஒப்ப மாட்டேன்’ என்றோ சொன்னால் அதுவும் திருத்தந்தான்; வட்டமிட்ட பிழையைக் காட்டிலும் அதற்கு மாணவன் அதிகம் செவிசாய்ப்பான். இதற்கெல்லாம் அவகாசம் ஏது என்று கேட்பார்கள். மாதிரி வியாசத்தை ஆசிரியர் உரக்கச் சொல்ல, பிள்ளைகள் தலைகுனிந்து நோட்ஸ் எழுதிக்கொண்டிருக்கும் பீரியட்கள் வாரத்தில் எத்தனை என்பதை அவர்களே கணக்கிட்டுக்கொள்ளட்டும். அந்த அவகாசமே போதும்.